வீட்டுக்கு சர்ஜ் பாதுகாப்பு: பெட்டியை விட வயர்மேன் முக்கியம்

பிற்பகலில் வானம் கறுத்து முதல் இடி விழுந்ததும் "டிவி ப்ளக்கைப் பிடுங்கு" என்று யாராவது குரல் கொடுக்காத வீடு கோலாலம்பூரில் குறைவு. அந்தப் பயத்தில் நியாயம் இருக்கிறது. கிள்ளான் பள்ளத்தாக்கு உலகிலேயே இடி மின்னல் மிகுந்த பகுதிகளில் ஒன்று. ஆண்டில் ஏறக்குறைய 200 நாட்கள் இங்கே இடி கேட்கிறது. பருவக்காற்று திசை மாறும் ஏப்ரல், மே மாதங்களிலும் பிறகு அக்டோபர், நவம்பரிலும் மாலை வந்தாலே மழையும் மின்னலும்தான். ஆட்டோகேட் போர்டு எரிந்துவிட்டது, ஆஸ்ட்ரோ டிகோடர் போய்விட்டது, போன வருஷம் வாங்கிய இன்வெர்ட்டர் ஏர்கோன் அசையவே மாட்டேன் என்கிறது என்ற பேச்சு அந்த மாதங்களில் எல்லாத் தாமான்களிலும், அதாவது குடியிருப்புப் பகுதிகளிலும், கேட்கும்.

ப்ளக்கைப் பிடுங்குவது நல்ல பழக்கம்தான். எந்தக் கம்பியோடும் இணையாத கருவியைக் கம்பி வழியாக வரும் எதுவும் தொட முடியாது. ஆனால் ஏர்கோனையும் வாட்டர் ஹீட்டரையும் ஆட்டோகேட்டையும் யார் பிடுங்குவது? வேலைக்குப் போன வீட்டில் ஃப்ரிட்ஜை யார் பிடுங்குவது? அதனால்தான் சர்ஜிலிருந்து, அதாவது கம்பி வழியாகக் கணப்பொழுதில் பாயும் உயர் அழுத்தத்திலிருந்து, சுவிட்ச் பெட்டியிலேயே பொருத்தி வீடு முழுவதையும் காக்கும் சர்ஜ் பாதுகாப்புக் கருவியைப் பலர் இப்போது தேடுகிறார்கள். சுருக்கமாக எஸ்.பி.டி. இணையத்தில் விதவிதமாகக் கிடைக்கிறது. கை நுணுக்கம் கொஞ்சம் உள்ளவர்கள் தாங்களே மாட்டிவிடலாம் என்று நினைக்கிறார்கள். அது கூடாது என்று சொல்லத்தான் இந்தக் கட்டுரை. சட்டம் ஒரு காரணம். அதைவிடப் பெரிய காரணம், இந்தக் கருவி காப்பாற்றுமா இல்லையா என்பது பெட்டிக்குள் இருப்பதைவிட, அதைச் சுற்றி இழுக்கப்படும் கம்பியின் நீளத்திலும், அது சுவிட்ச் பெட்டியில் உட்காரும் இடத்திலும், மண்ணுக்குள் இருக்கும் எர்த் கம்பியிலும்தான் இருக்கிறது. இந்த மூன்றும் கடைக்காரர் விற்கும் பொருள் அல்ல, வயர்மேனின் வேலை.

மின்னல் வீட்டின் மேலேயே விழுவது அபூர்வம். பெரும்பாலும் அது சற்றுத் தள்ளி ஒரு மரத்திலோ விளக்குக் கம்பத்திலோ மின்சாரம் வழங்கும் நிறுவனமான தெனாகாவின் மின் கம்பியிலோ விழுகிறது. ஒரு சாதாரண மின்னலின் முதல் வீச்சில் 30,000 ஆம்பியர் அளவுக்கு மின்னோட்டம் பாய்கிறது. சில மைக்ரோ விநாடிகளில் ஏறி இறங்கும் அந்த ஓட்டம், சுற்றுப்புறத்தில் நீளமாக ஓடும் ஒவ்வொரு கம்பியிலும் ஆயிரக்கணக்கான வோல்ட்டைத் தூண்டிவிடும். மின் கம்பி, கூரை மேல் உள்ள டிஷ்ஷிலிருந்து இறங்கும் கேபிள், கேட் வரை போகும் கேபிள் எல்லாம் இதில் அடங்கும்.

நம் மின்சாரம் 2008 முதல் 230 வோல்ட். இந்த அளவுக்குச் செய்யப்பட்ட கருவிகள் கணப்பொழுது வரும் உயர் அழுத்தத்தை எவ்வளவு தாங்க வேண்டும் என்பதற்கு உலகத் தரநிலையில் படிகள் உண்டு. மீட்டர் பக்கத்தில் இருப்பவை 6000 வோல்ட், சுவிட்ச் பெட்டிக் கருவிகள் 4000, ஃப்ரிட்ஜ், வாஷிங் மெஷின் போன்றவை 2500, நுட்பமான மின்னணுச் சாமான்கள் 1500. உள்ளே வரவர தாங்கும் சக்தி குறைகிறது. நாம் அதிக விலை கொடுத்து வாங்குபவைதான் கடைசிப் படியில் நிற்கின்றன.

எஸ்.பி.டி. மின்சாரத்தின் பாதையில் குறுக்கே நிற்பதில்லை. கால்வாயில் வெள்ளம் வரும்போது மட்டும் பக்கவாட்டில் திறக்கும் மதகு போன்றது அது. உள்ளே துத்தநாக ஆக்சைடால் ஆன வேரிஸ்டர் இருக்கும். 230 வோல்ட்டில் அது கிட்டத்தட்ட எதையும் கடத்தாது. அழுத்தம் அளவு மீறினால் நானோ விநாடிகளில் திறந்து மிகுதியை வேறு வழியில் அனுப்பிவிட்டு மறுபடி மூடிக்கொள்ளும். ஒவ்வொரு முறை திறக்கும்போதும் கொஞ்சம் தேயும். அதனால் ஒரு நாள் அதை மாற்றித்தான் ஆக வேண்டும்.

வாங்கும்போது பார்க்க வேண்டியவை அதிகமில்லை. ஐ.இ.சி. 61643-11 என்ற தரநிலை எண் கருவியின் மேலேயே அச்சாகியிருக்க வேண்டும். சாதாரண வீட்டுக்கு இரண்டாம் வகை போதும். கூரையில் இடிதாங்கி உள்ள வீட்டுக்கு முதல் வகை, அல்லது இரண்டும் சேர்ந்தது வேண்டும். தொடர்ந்து தாங்கும் வோல்ட் 275 அல்லது 320, கடத்தும் நேரத்தில் விட்டுவைக்கும் வோல்ட் 1500 அல்லது அதற்குக் கீழே. விளம்பரத்தில் பெரிய எழுத்தில் வரும் 40 கிலோ ஆம்பியர் என்பது உச்ச அளவு. பக்கத்தில் சிறியதாக இருக்கும் 20 கிலோ ஆம்பியர்தான் திரும்பத் திரும்பச் செலுத்திச் சோதிக்கப்பட்ட அளவு. அதைப் பார்த்து வாங்குங்கள். 100, 120 என்று எண் ஏறுவதால் உங்கள் டிவிக்கு வந்து சேரும் வோல்ட் குறைந்துவிடாது.

இதையெல்லாம் அமெரிக்கர்களின் காணொளிகளைப் பார்த்துக் கற்றுக்கொள்பவர்கள் நிறையப் பேர். அங்கே 2020ஆம் ஆண்டின் தேசிய மின் விதித்தொகுப்பு குடியிருப்புகளுக்கு இந்தக் கருவியைக் கட்டாயமாக்கியது. அதனால் காணொளிகளுக்குப் பஞ்சமில்லை. ஆனால் அவர்களுடைய வகைப்பிரிப்பு வேறு. அதைவிட முக்கியம், அவர்களுடைய வீட்டுப் பெட்டியில் நியூட்ரலும் எர்த்தும் ஒன்றாகக் கட்டப்பட்டிருக்கும். நம் வீடுகளில் அப்படிக் கிடையாது. அந்த வேறுபாட்டைத் தெரிந்துகொள்ளாமல் அந்தக் காணொளியைப் பின்பற்றுவது ஆபத்து.

நம் எர்த் நம்முடையது

தெனாகா நமக்குத் தருவது லைவும் நியூட்ரலும். எர்த் பெரும்பாலும் நம் வீட்டு வாசலில் நாமே அடித்த ஒரு கம்பி. செம்பு போர்த்திய எஃகுக் கம்பி மண்ணுக்குள் இறங்கியிருக்கும். அந்த எர்த், தெனாகாவின் நியூட்ரலோடு வீட்டுக்குள் எங்கும் சேர்வதில்லை. கசிவு மின்சாரம் மண் வழியாகத்தான் திரும்ப வேண்டும். மண்ணோ நல்ல கடத்தி அல்ல. அதனால்தான் கசிவைக் கண்டதும் மின்சாரத்தைத் துண்டிக்கும் ஆர்.சி.சி.பி. சுவிட்ச் பெட்டியில் கட்டாயம். ஈ.எல்.சி.பி. என்று நாம் வழக்கமாகச் சொல்வது அதைத்தான். வீடு முழுவதற்கும் 100 மில்லி ஆம்பியர் ஒன்று, வாட்டர் ஹீட்டருக்கு 10 மில்லி ஆம்பியர் ஒன்று என்பது இங்கே பழகிய அமைப்பு.

இப்போது எஸ்.பி.டி.யை எங்கே வைப்பது? ஆர்.சி.சி.பி.க்குப் பின்னால் வைத்தால், சர்ஜ் முழுவதும் ஆர்.சி.சி.பி. வழியாக ஓடி எர்த்துக்குப் போகும். அதைக் கசிவு என்று எடுத்துக்கொண்டு ஆர்.சி.சி.பி. விழும். தீபாவளிக்கு ஊருக்குப் போன நேரத்தில் ஓர் இடி, வீடு இருட்டு, ஃப்ரிட்ஜில் இருந்தது எல்லாம் குப்பைக்கு. ஆர்.சி.சி.பி.யே பழுதாகிவிடும் சாத்தியமும் உண்டு. ஆகவே மெயின் சுவிட்சுக்குப் பின், ஆர்.சி.சி.பி.க்கு முன் என்பதுதான் சரியான இடம்.

ஆனால் அந்த இடத்தில் ஆர்.சி.சி.பி.யின் காவல் இல்லை. லைவுக்கும் எர்த்துக்கும் நடுவே நேராக ஒரு வேரிஸ்டரை வைத்து, அது தேய்ந்து ஒட்டிக்கொண்டது என்று வையுங்கள். உங்கள் எர்த் கம்பிக்கு 15 ஓம், தெனாகாவின் மின்மாற்றிப் பக்கத்து எர்த்துக்கு 5 ஓம் என்றால், 230 வோல்ட்டில் ஓடுவது 11 ஆம்பியர் சொச்சம். 63 ஆம்பியர் மெயின் அதை ஒரு பொருட்டாகவே எண்ணாது. ஆர்.சி.சி.பி.க்குத் தெரியவே தெரியாது. அந்த நேரம் உங்கள் எர்த் கம்பியில் 150 வோல்ட்டுக்கும் மேல் நிற்கும். எர்த்தோடு இணைந்த ஃப்ரிட்ஜ் கதவு, வாஷிங் மெஷின் உடல், வாட்டர் ஹீட்டர் எல்லாவற்றிலும் அதுவே நிற்கும். மெயினை அணைக்கும் வரை அது போகாது. நல்ல கருவிகளில் சூடேறினால் தானே துண்டித்துக்கொள்ளும் அமைப்பு உண்டு என்றாலும், ஒரு குடும்பத்தின் உயிரை அது ஒன்றின் மேல் மட்டும் வைக்கக்கூடாது.

இதற்குத் தீர்வு ஏற்கெனவே தரநிலையில் இருக்கிறது. லைவுக்கும் நியூட்ரலுக்கும் நடுவே வேரிஸ்டர், நியூட்ரலுக்கும் எர்த்துக்கும் நடுவே தீப்பொறி இடைவெளிக் குழாய். ஒரு ஃபேஸ் வீட்டில் இதை ஒன்று கூட்டல் ஒன்று என்பார்கள், மூன்று ஃபேஸ் வீட்டில் மூன்று கூட்டல் ஒன்று. இந்த அமைப்பில் வேரிஸ்டர் ஒட்டிக்கொண்டால் அது லைவுக்கும் நியூட்ரலுக்கும் இடையிலான ஷார்ட் ஆகிவிடும். பெரிய மின்னோட்டம் ஓடி முன்னாலிருக்கும் எம்.சி.பி., அதாவது மின்னோட்டம் மிகுந்தால் துண்டிக்கும் சுவிட்ச், உடனே விழும். எர்த்தில் மின்சாரம் ஏறாது. மலிவாகக் கிடைக்கும் பல கருவிகளில் இரண்டு பக்கமும் ஒரே மாதிரி வேரிஸ்டர்தான். வெளிப் பார்வைக்கு வித்தியாசம் தெரியாது. கருவியின் பக்கவாட்டில் அச்சிட்ட சிறு சுற்றுப்படத்தைப் படிக்கத் தெரிந்தவருக்குத்தான் தெரியும்.

புடு ஜாலான் பாசார் கடைகளில் நீங்களே வாங்கிக் கையில் கொடுப்பதைவிட வயர்மேனே வாங்கி வரட்டும் என்று நான் சொல்வது இதனால்தான். பொருளுக்கும் வேலைக்கும் ஒருவரே பொறுப்பு.

அரை மீட்டர் கணக்கு

லைவ் கம்பியிலிருந்து கருவிக்கு வரும் கம்பியும், கருவியிலிருந்து, எர்த் கம்பிகள் எல்லாம் சேரும் எர்த் கட்டைக்குப் போகும் கம்பியும் சேர்ந்து அரை மீட்டரைத் தாண்டக்கூடாது. இது அழகுக்காகச் சொன்ன விதி அல்ல. வேகமாக ஏறும் மின்னோட்டத்துக்கு நேரான கம்பியே ஒரு தடை. 10,000 ஆம்பியர் சர்ஜ் ஓடும்போது ஒவ்வொரு மீட்டர் கம்பியிலும் ஏறக்குறைய 1000 வோல்ட் சேரும். 1500 வோல்ட்டில் நிறுத்தும் நல்ல கருவியை வாங்கி, ஒன்றரை மீட்டர் கம்பியைச் சுருட்டி மடக்கி இணைத்தால், வீட்டுக்குள் போவது 3000 வோல்ட். ஃப்ரிட்ஜ் தாங்குவதோ 2500.

பழைய வீட்டுச் சுவிட்ச் பெட்டியில் இடமே இருக்காது. அப்போது ஒட்டினாற்போல் ஒரு சிறு பெட்டி வைக்கலாம், கம்பி குட்டையாக இருந்தால் சரி. தொலைவில் எங்கோ இடம் இருக்கிறது என்று அங்கே கொண்டுபோய் வைத்தால் செய்யாததற்குச் சமம். கம்பியின் தடிமன் இரண்டாம் வகைக்குக் குறைந்தது 6 சதுர மில்லிமீட்டர் செம்பு, முதல் வகைக்கு 16. முன்னால் ஒரு எம்.சி.பி. அல்லது ஃபியூஸ், கருவி தயாரித்தவர் குறிப்பிட்ட அளவில்.

எர்த் கம்பியைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும், ஏனென்றால் நம் ஊரில் அதிகம் கைவிடப்பட்டது அதுதான். இணைப்பு வீடு வாங்கியதும் முதல் வேலையாக வாசலை நீட்டி டைல்ஸ் போடுகிறோம். எர்த் கம்பியின் மூடி டைல்ஸுக்கு அடியில் போய்விடுகிறது. சில வீடுகளில் கம்பி வெட்டுப்பட்டே இருக்கும், யாருக்கும் தெரியாது. விளக்கு எரிகிறது, ஏர்கோன் ஓடுகிறது, எர்த் இல்லாத குறை அன்றாடத்தில் தெரிவதில்லை. ஆனால் எஸ்.பி.டி. தள்ளிவிடும் மின்னோட்டம் போகும் வழி அது ஒன்றுதான். மின்னல் பாதுகாப்புத் தரநிலை 10 ஓமுக்குக் கீழே இருப்பது நல்லது என்கிறது. களிமண் நிலத்தில் இது சிரமமில்லை. கிள்ளான் பள்ளத்தாக்கில் பழைய ஈயச் சுரங்க நிலத்தின் மேல் எழுந்த தாமான்கள் பல உண்டு. அங்கே அடியில் மணல், மணலில் எர்த் எளிதில் பிடிக்காது. ஒரு கம்பிக்குப் பதில் இரண்டு மூன்று அடித்து இணைக்க வேண்டி வரும்.

அப்படிச் சேர்க்கும்போது ஒரு தவறு அடிக்கடி நடக்கிறது. எஸ்.பி.டி.க்கு மட்டும் தனியாக ஒரு புதுக் கம்பியை அடித்துவிட்டு, வீட்டின் பழைய எர்த்தோடு அதைச் சேர்க்காமல் விட்டுவிடுகிறார்கள். சர்ஜ் வரும் நேரத்தில் இரண்டு எர்த்துக்கும் இடையே ஆயிரக்கணக்கான வோல்ட் வித்தியாசம் எழும், அது கருவிகளுக்குள் புகுந்துதான் சமநிலைக்கு வரும். எத்தனை கம்பி அடித்தாலும் எல்லாம் ஒரே எர்த் கட்டையில் சேர வேண்டும். டிஷ் கேபிளின் எர்த்தும் அங்கேயே வர வேண்டும்.

கோலாலம்பூரின் வழக்கமான மாடி இணைப்பு வீடு 20 அடி அகலம், 70 அடி நீளம். மீட்டர் வாசலில், சுவிட்ச் பெட்டி முன் அறையில், சமையலறை கடைசியில். மின் சாமானுக்கும் எஸ்.பி.டி.க்கும் இடையே கம்பி 10 மீட்டருக்கு மேல் போனால் அதன் காவல் தளர்ந்துவிடும். சர்ஜ் அலை கம்பியின் முனையில் மோதித் திரும்பி இரட்டிப்பாகலாம். ஆகவே சமையலறையிலும் மாடி அறையிலும் உள்ள விலை உயர்ந்த சாமான்களுக்கு அருகிலேயே மூன்றாம் வகைப் பாதுகாப்பு, அதாவது சர்ஜ் தாங்கும் தரமான எக்ஸ்டென்ஷன், கூடவே வேண்டும். ஆட்டோகேட் கதை தனி. அதன் கேபிள் வீட்டை விட்டு வெளியே மண்ணுக்கடியில் ஓடி மழையில் நனைந்த தூணில் முடிகிறது. மின்னலுக்கு அது திறந்த வாசல். கேட்டின் கட்டுப்பாட்டுப் பெட்டியிலேயே ஒரு சிறு எஸ்.பி.டி. வைக்கச் சொல்லுங்கள். வெளியே இருக்கும் சி.சி.டி.வி. கேமராக்களுக்கும் இதே கதிதான். இணையத்துக்கு வரும் ஃபைபர் கண்ணாடி என்பதால் மின்னலைக் கடத்தாது, ஆனால் ரௌட்டரின் அடாப்டர் சுவரிலிருந்துதான் மின்சாரம் எடுக்கிறது.

யாரைக் கூப்பிடுவது

1990ஆம் ஆண்டு மின்சார விநியோகச் சட்டமும் 1994ஆம் ஆண்டு மின்சார ஒழுங்குமுறைகளும்தான் இந்த வேலையை யார் செய்யலாம் என்பதற்கு அடிப்படை. எரிசக்தி ஆணையமான சுருஹான்ஜாயா தெனாகா வயர்மேனுக்குத் தகுதிச் சான்றிதழ் தருகிறது, மின் குத்தகையாளரைப் பதிவு செய்கிறது. ஒரு ஃபேஸ் வேலை செய்பவரிடம் பொதுவாக பி.டபிள்யூ. 2 சான்றிதழும், மூன்று ஃபேஸ் வேலை செய்பவரிடம் பி.டபிள்யூ. 4 சான்றிதழும் இருக்கும். உங்கள் வீடு மூன்று ஃபேஸ் என்றால் ஒரு ஃபேஸ் சான்றிதழ் உள்ளவர் போதாது. மீட்டரைப் பார்த்தாலே தெரியும், தெரியாவிட்டால் படம் எடுத்து அனுப்பிக் கேளுங்கள்.

ஃபேன் மாட்டுபவர், பைப் ஒட்டுபவர், பெயின்ட் அடிப்பவர் எல்லாம் ஒருவரே என்று வாட்ஸ்அப்பில் வரும் விளம்பரங்களை நம்பிச் சுவிட்ச் பெட்டியைத் திறக்க விடாதீர்கள். அவர் நல்ல மனிதராக இருக்கலாம், கையில் வேலையும் இருக்கலாம். ஆனால் எர்த் அளக்கும் கருவி அவரிடம் இருக்காது, மேலே சொன்ன ஒன்று கூட்டல் ஒன்று கணக்கும் தெரிந்திருக்க வாய்ப்பில்லை. சான்றிதழ் எண்ணைக் கேட்பதில் கூச்சம் வேண்டாம். தொழில் தெரிந்தவர் அதற்குக் கோபித்துக்கொள்ள மாட்டார், அட்டையை எடுத்துக் காட்டுவார். உதவியாளர் வந்து வேலை செய்யலாம், சான்றிதழ் வைத்திருப்பவர் மேற்பார்வை செய்ய வேண்டும்.

போனில் கேட்க ஒரே ஒரு கேள்வி போதும் என்றால் நான் இதைக் கேட்பேன்: "அண்ணே, வேலைக்கு முன்னாடி எர்த் அளந்து, எத்தனை ஓம்னு எழுதித் தருவீங்களா?" தயங்காமல் சரி என்பவரிடம் மற்றதையும் பேசலாம். "அதெல்லாம் தேவையில்லை, பெட்டியை மாட்டினா போதும்" என்பவரிடம் நன்றி சொல்லி வைத்துவிடுங்கள். விலைப்புள்ளியில் கருவியின் பெயரும் மாடலும், முன்னால் வைக்கும் எம்.சி.பி., எர்த் வேலை, சோதனை என்று தனித்தனியாக எழுதச் சொல்லுங்கள். ஒரே தொகையாக வந்தால் எதில் சிக்கனம் பிடித்தார்கள் என்று தெரியாது. வீட்டுக்கே புதிதாக வயரிங் செய்கிறீர்கள் என்றால் வேலை முடிந்ததற்கான படிவமான போராங் ஜி, சோதனைக்கான படிவமான போராங் எச் இரண்டும் உங்கள் கோப்பில் இருக்க வேண்டும்.

மீட்டருக்கு முன்னால் உள்ளது தெனாகாவின் சொத்து. அதன் முத்திரையை உடைத்து அங்கே எதையும் இணைக்க எந்த வயர்மேனுக்கும் உரிமை இல்லை. இந்த வேலைக்கு அது தேவையும் இல்லை.

இந்தக் கருவி செய்யாததையும் தெரிந்துகொள்ளுங்கள். மூன்று ஃபேஸ் வீட்டில் நியூட்ரல் கம்பி தளர்ந்தாலோ அறுந்தாலோ, சுமை குறைவான ஃபேஸில் வோல்ட் 400ஐ நோக்கி ஏறும். இது மைக்ரோ விநாடி விஷயம் அல்ல, நிமிடக்கணக்கில் நிற்கும். எஸ்.பி.டி. அதைத் தாங்காது, அதுவே எரிந்துவிடும். விளக்குகள் சில அறைகளில் பளீரென்றும் சில அறைகளில் மங்கியும் எரிந்தால் மெயினை அணைத்துவிட்டு தெனாகாவின் 15454க்கு அழையுங்கள். இந்த ஆபத்துக்கு வோல்ட் ஏறினால் துண்டிக்கும் வேறு கருவி உண்டு. வயர்மேன் வந்திருக்கும்போதே அதையும் கேளுங்கள், நியூட்ரல் திருகுகளை இறுக்கிப் பார்க்கவும் சொல்லுங்கள்.

கோண்டோவில் இருப்பவர்கள் முதலில் நிர்வாகத்திடம் கட்டடத்தின் பிரதான மின் பலகையில் எஸ்.பி.டி. இருக்கிறதா, கடைசியாக எப்போது பார்த்தார்கள் என்று கேளுங்கள். உங்கள் வீட்டுப் பெட்டியில் வைப்பது அதன் பிறகுதான் முழுப் பலன் தரும். கூரையில் சோலார் போட்டவர்களுக்குத் தகட்டிலிருந்து வரும் டி.சி. பக்கத்துக்குத் தனி எஸ்.பி.டி. வேண்டும், ஏ.சி.க்கு உள்ளது அதற்குப் பொருந்தாது. வீட்டுக் காப்புறுதி வைத்திருப்பவர்கள் பாலிசியை எடுத்துப் படியுங்கள். அடிப்படைத் தீக் காப்புறுதியில் மின்னலும் அடங்கும், ஆனால் மின் சாமான் மட்டும் பழுதானால் என்ன என்பதற்குப் பாலிசியின் வாசகங்கள்தான் பதில்.

வேலை முடிந்ததும் மெயினை ஏற்றச் சொல்லி, எஸ்.பி.டி.யின் சிறு கண்ணாடியில் பச்சை தெரிகிறதா என்று நீங்களே பாருங்கள். ஆர்.சி.சி.பி.யின் சோதனைப் பொத்தானை அழுத்தி அது விழுகிறதா என்றும் பாருங்கள். பிறகு மாதம் ஒரு முறை, பெரிய இடி மழைக்கு மறுநாள் ஒரு முறை அந்தப் பச்சையை எட்டிப் பார்த்தால் போதும். சிவப்பாகிவிட்டால் கருவி தன் கடமையைச் செய்து ஓய்ந்துவிட்டது. வீட்டில் மின்சாரம் வழக்கம் போல ஓடும், பாதுகாப்பு மட்டும் இருக்காது. உள்ளே உள்ள கார்ட்ரிஜை மட்டும் கழற்றி மாற்றலாம், அதே நிறுவனத்தின் அதே மாடலாக இருக்க வேண்டும். இன்னொன்று, பின்னாளில் வேறு வேலைக்காக யாராவது வந்து கம்பி உறையின் காப்பை அளக்கும் 500 வோல்ட் மெக்கரால் வயரிங்கைச் சோதித்தால், அதற்கு முன் அந்தக் கார்ட்ரிஜைக் கழற்றிவிட வேண்டும். கழற்றாவிட்டால் எஸ்.பி.டி. அந்த வோல்ட்டைக் கடத்தி, நல்ல வயரிங்கையே பழுது என்று காட்டும். சுவிட்ச் பெட்டிக் கதவின் உட்பக்கம் எஸ்.பி.டி. உள்ளது, மாட்டிய தேதி, மாடல், அன்று அளந்த எர்த் ஓம் என்று ஒரு சீட்டு ஒட்டிவைத்தால் அடுத்து வரும் வயர்மேனுக்கு எல்லாம் அங்கேயே கிடைத்துவிடும்.